பூ ஜாடியில் தண்ணீர் மாற்றினீர்களா?

சித்திரை, வைகாசி இரண்டு மாதத்தையும் இளவேனில் என்று சித்த மருத்துவம் பிரித்து வைத்திருக்கிறது. "இதுக்குப் பேரு இளவேனிலா? வெளியில தலை காட்ட முடியலையே!" என்று நீங்கள் முனகுவது புரிகிறது. நமக்குத்தான் கஷ்டம். வீட்டுத் தோட்டத்துக்கு இது கொண்டாட்ட காலம். குண்டுமல்லி கொத்துக் கொத்தாக அரும்பு விடும். வேப்பமரத்தடியில் பொரி இறைத்தாற்போலப் பூ உதிர்ந்து கிடக்கும். சரக்கொன்றை மஞ்சள் சரங்களைத் தொங்கவிடும். தொட்டிச் செடிகளில் இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை, நிலசம்பங்கி என்று ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். சாமிக்குப் போட்டது, தலைக்கு வைத்தது போக மிச்சம் இருப்பதை ஒரு ஜாடியில் வைத்து ஹாலில் வைத்துப் பாருங்கள். வெயிலில் அலைந்து திரிந்து வீட்டுக்குள் நுழைகிறவரின் முகமே மாறும்.

"டாக்டர், ஜாடியில பூ வைக்கறதுல கூடவா வைத்தியம்?" என்று கேட்பீர்கள். பூ வைப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆனால் அது முழுக்க முழுக்கத் தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலை. பூ எத்தனை நாள் நிற்கும் என்பதையும் அந்தத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. அந்த ஜாடியால் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வருமா என்பதையும் அதுவேதான் முடிவு செய்கிறது.

எப்போது பறிப்பது?

பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் உண்டு. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். ஜாடிக்குப் பூ பறிக்கிறவருக்கு இந்தக் கணக்கு ரொம்ப உபயோகம். இதழ் விரியத் தயாராக இருக்கும் முகைப் பருவத்தில் ரோஜாவை வெட்டினால் ஜாடியில் நிதானமாக விரியும். முழுசாக விரிந்ததைப் பறித்தால் மறுநாளே இதழ் கொட்டிவிடும். நிலசம்பங்கியில் அடியில் உள்ள இரண்டு மூன்று பூ விரிந்திருந்தால் போதும், மற்றவை கீழிருந்து மேலாக வரிசையாய்த் திறந்துகொள்ளும். இட்லிப்பூக் கொத்தில் பாதி விரிந்திருக்க வேண்டும்.

நேரம், விடியற்காலை. ராத்திரி முழுவதும் செடி வேர் வழியாகத் தண்ணீர் குடித்து, காம்பும் இதழும் விறைப்பாக இருக்கும் நேரம் அது. எட்டு மணிக்கு மேல் வெயில் ஏற ஏற, இலை வழியாகப் போகும் தண்ணீருக்கு வேரால் ஈடு கொடுக்க முடியாது. பதினோரு மணிக்குப் பறித்த பூ ஏற்கெனவே தாகத்தோடுதான் வீட்டுக்குள் வருகிறது. அதற்கு அப்புறம் நீங்கள் என்ன உபசாரம் செய்தாலும் முழுசாகத் தேறாது. காலையில் நேரமில்லாதவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு வெட்டலாம். உச்சிவேளை மட்டும் வேண்டாம்.

தோட்டத்துக்குப் போகும்போதே கையில் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு போங்கள். வெட்டியதும் காம்பு நேராகத் தண்ணீருக்குள் போக வேண்டும். முந்தானையிலும் முறத்திலும் பூவைச் சேர்ப்பது தொடுக்கிற பூவுக்குச் சரி, ஜாடிக்குச் சரிப்படாது.

காம்புக்குள் என்ன நடக்கிறது?

காம்புக்குள் முடியை விட மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. வெட்டின உடனே அவை காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். உறிஞ்சுகுழலில் காற்று அடைத்துக்கொண்டால் இளநீர் ஏறாதல்லவா, அதே கதைதான். அதனால் வீட்டுக்கு வந்ததும் காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தபடியே ஓர் அங்குலம் சாய்வாக வெட்டிவிடுங்கள். சாய்வாக வெட்டினால் நுனி ஜாடியின் அடியில் அப்பிக்கொண்டு அடைபடாது. கத்தி கூர்மையாக இருக்கட்டும். மொண்ணைக் கத்தரிக்கோல் காம்பை வெட்டுவதற்குப் பதிலாக நசுக்கிவிடும். ரோஜா, செம்பருத்தி மாதிரி கட்டைக் காம்புகளை அம்மிக்கல்லில் தட்டி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தட்டினால் குழாய் சிதையும், சிதைந்த இடம் சீக்கிரம் அழுகும். விட்டுவிடுங்கள்.

அடுத்த எதிரி பாக்டீரியா. தண்ணீருக்குள் முங்கியிருக்கும் இலைகள் ஒரே நாளில் அழுக ஆரம்பித்து, தண்ணீர் கொழகொழவென்று ஆகும். அந்தக் கொழகொழப்பு காம்பின் வாயை அடைத்துவிடும். ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தலை தொங்குவது இதனால்தான். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக்கூடாது. தினமும் காலையில் தண்ணீரை மாற்றி, காம்பு நுனியை நகக்கண் அளவு புதிதாக வெட்டிவிட்டால் இரண்டு நாள் நிற்கிற பூ நாலு நாள் நிற்கும்.

"சர்க்கரை போட்டா நல்லா இருக்குமாமே?" என்று கேட்கிறார்கள். சர்க்கரை பூவுக்கு ஆகாரம்தான். ஆனால் பாக்டீரியாவுக்கும் அது விருந்து! நம் ஊர் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் ஒரே நாளில் நாறிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் போடுகிறவர்களும் உண்டு. மாத்திரை மருந்துப் பெட்டியிலேயே இருக்கட்டும். பச்சைத் தண்ணீரும் தினசரி மாற்றும் பொறுமையும் போதும்.

இன்னொன்று. இது மாம்பழ சீசன். பழுக்கிற மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. ஒரு காய் பழுத்தால் பக்கத்துக் காயும் பழுப்பது அதனால்தான். அதே வாயு பூவையும் சீக்கிரம் முதுமையாக்கிவிடும். டைனிங் டேபிளில் பழத்தட்டும் பூ ஜாடியும் சேர்ந்து இருந்தால் போட்டோவுக்கு அழகு, பூவுக்கு ஆகாது. மல்லிகை மொட்டை ஃப்ரிஜ்ஜில் வைக்கிறவர்களும் பழத்தோடு சேர்த்து வைக்காமல் ஈரத்துணியில் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள். அதே மாதிரி ஃபேனுக்கு நேர் கீழே, டி.வி. பக்கத்தில், மேற்கு ஜன்னல் ஓரத்தில் ஜாடி வேண்டாம்.

எந்தப் பூவுக்கு எந்த இடம்?

ஜாடிக்கென்றே பிறந்தது நிலசம்பங்கி. நீண்ட தண்டு, வாரக்கணக்கில் நிற்கும் உடம்பு. அடியில் வாடுவதை மட்டும் கிள்ளிவிட வேண்டும். இட்லிப்பூவும் கோழிக்கொண்டையும் பொறுமைசாலிகள். வாடாமல்லி பெயருக்கேற்றபடி காய்ந்தாலும் நிறம் மாறாது, அதற்குத் தண்ணீரே வேண்டியதில்லை.

செம்பருத்தி வேறு ஜாதி. அதன் ஆயுசு ஒரே நாள். தண்ணீரில் வைத்தாலும் ஒரே நாள், வெறும் தட்டில் வைத்தாலும் ஒரே நாள். காலையில் பறித்து ஒரு தட்டில் வாழையிலைக் கீற்றின் மேல் நாலு பூவைப் பரப்புங்கள். சாயங்காலம் சுருங்கியதும் எடுத்துப் போட்டுவிடலாம்.

குண்டுமல்லிக்குக் காம்பே கிடையாது என்று சொல்லலாம். அதனால் ஜாடி ஒத்துவராது. காலையில் பறித்த மொட்டை வாழையிலையில் மடித்து நிழலில் வைத்திருந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆழமில்லாத பித்தளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மிதக்க விடுங்கள். இருட்ட இருட்ட ஒவ்வொன்றாக விரியும். குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்ட வேண்டிய காட்சி இது. மொட்டின் மேல் தண்ணீர் தெளித்து மூட்டையாகக் கட்டி வைத்தால் பழுப்பேறிவிடும்.

சரக்கொன்றை பார்க்கத்தான் ராஜா, பறித்தால் கோழை. இதழ் பொலபொலவென்று உதிரும். கோவை, நாகர்கோவில் பக்கங்களில் சித்திரை முதல் நாள் கண்ணாடி, பழங்கள், நகை, பூ எல்லாம் தட்டில் அடுக்கிக் கனி காணும் வழக்கம் உண்டு. அதற்குக் கொன்றை வைக்கிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே சரத்தை வெட்டி, ராத்திரி முழுவதும் வாளித் தண்ணீரில் காம்பை ஆழமாக நிற்க வைத்து, விடியுமுன் தட்டில் வைத்தால் ஓரளவு தாக்குப் பிடிக்கும்.

வேப்பம்பூவை ஜாடியில் வைக்காதீர்கள். உதிர்ந்து தரையெல்லாம் பூவாகும். துணி விரித்து உலர்த்தி ரசத்துக்கும் பச்சடிக்கும் வைத்துக்கொள்வதே அதற்கு மரியாதை.

பூவுக்கு நடுவே பசுமைக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். துளசிக் கதிர், திருநீற்றுப்பச்சை, மரிக்கொழுந்து எல்லாம் வாசனைக்கு வாசனை, அழகுக்கு அழகு. திருநீற்றுப்பச்சை ஜாடியிலேயே வேர் விட்டுவிடும், பிறகு தொட்டியில் நட்டுக்கொள்ளலாம். எங்கள் மருந்துகளில் கிழங்குக்காகப் பயன்படும் தண்ணீர்விட்டான் கொடியைச் சிலர் அழகுக்காகவே வளர்க்கிறார்கள். பஞ்சு மாதிரி மெல்லிய அதன் இலை பூங்கொத்துக்குள் அருமையாக இருக்கும். முள் உண்டு, ஜாக்கிரதை.

அடுக்குவதற்குப் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. உயரமானது நடுவில், குட்டையானது ஓரத்தில், ஜாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சாயாது. நிறைய திணிக்காதீர்கள். பூவுக்கும் காற்று வேண்டும். குட்டைக் காம்புப் பூக்களுக்கு ஒரு சுலப வழி சொல்கிறேன். கல்யாண மேடை அலங்காரக்காரர்கள் வாழை மட்டையில் பூ குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சாண் வாழைத்தண்டைத் தட்டில் படுக்க வைத்து, ஈர்க்குச்சியால் துளை போட்டு இட்லிப்பூ, நந்தியாவட்டை, ரோஜா எல்லாவற்றையும் குத்தி வையுங்கள். தண்டின் ஈரமே பூவுக்குப் போதும். ஒரு நாள் விசேஷத்துக்கு இதைவிடத் தோதானது கிடையாது. தேங்கின தண்ணீரும் இல்லை. அதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்பதற்கு இனி வருகிறேன்.

ஹாலில் வளரும் கொசு

காய்ச்சல் காலத்தில் நிலவேம்புக் குடிநீர் கேட்டு வருகிறவர்களிடம் வீட்டில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கேட்பேன். "எங்க தெருவுல சாக்கடையே இல்லை டாக்டர், வீடு கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று பெருமையாகப் பதில் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டவே வேண்டாம். அதற்குப் பிடித்தது வீட்டுக்குள் அசையாமல் நிற்கும் சுத்தமான தண்ணீர். வாசலில் பூ மிதக்கும் உருளி, பூஜை அறைச் சொம்பு, பூ ஜாடி, ஷோகேஸில் மணிபிளான்ட் வளரும் பாட்டில், ஃப்ரிஜ்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, இவையெல்லாம் அதற்குப் பிரசவ வார்டு. கடிப்பதும் பகலில்தான். ஆகவே ராத்திரி கொசுவலை கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

முட்டை கொசுவாக வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். "வாரம் ஒருதரம் மாத்தறோமே" என்றால் ரொம்ப நெருக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தக் கொசு தண்ணீரில் முட்டை மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினால் முட்டை அங்கேயேதான் இருக்கும். பாத்திரம் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் கொட்டுவது பாதி வேலை. தேங்காய் நாரால் உட்பக்கத்தை, முக்கியமாகக் கழுத்துப் பகுதியை, அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரத்தில் இரண்டு நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள், செவ்வாய், வெள்ளி எப்படியும் வீடு கழுவும் நாள்தானே. மற்ற நாட்களில் தண்ணீர் மாற்றினால் போதும்.

ஜாடியை மறந்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் காலி செய்து, கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கோடை விடுமுறையில் பத்து நாள் பூட்டிக் கிடக்கும் வீடு கொசுவுக்குக் கிடைத்த இனாம் பங்களா. மண் ஜாடி தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் கசிவுக்கு அடியில் ஒரு தட்டு வைப்போம், அந்தத் தட்டிலும் தண்ணீர் நிற்கிறது பாருங்கள். தினமும் பராமரிக்க முடியாதவர்கள் ஜாடியில் தண்ணீருக்குப் பதில் ஈர மணலை நிரப்பிப் பூவைக் குத்தலாம். மேலே தண்ணீர் நிற்காத அளவுக்கு நனைத்தால் கொசுவுக்கு வழியில்லை.

அரளி மட்டும் வேண்டாம்

இளவேனிலில் கண்ணைப் பறிக்கிற பூக்களில் அரளியும் ஒன்று. சிவப்பு, வெள்ளை, ரோஸ் என்று அபார்ட்மென்ட் காம்பவுண்டு ஓரமெல்லாம் நிற்கும். நெடுஞ்சாலையின் நடுவிலும் வைத்திருக்கிறார்கள். ஆடு மாடு வாய் வைக்காது என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆடு மாடு ஏன் வாய் வைப்பதில்லை என்று யோசித்தோமா?

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நாட்களில் நஞ்சு வகைகளில் அரளியையும் பாடமாகப் படித்தோம். வேர், பட்டை, இலை, பூ, விதை என்று சகல பாகத்திலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. மஞ்சள் பூ பூக்கும் பொன்னரளியும் இதே குணம்தான், அதன் கொட்டை இன்னும் பொல்லாதது. சாமிக்கு மாலை கட்டுவதில் தவறில்லை. கட்டிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். ஜாடியில் வைக்கும்போதுதான் விபரீதம். அரளிக் காம்பு நிற்கும் தண்ணீரிலும் அந்த நஞ்சு இறங்கும். பார்ப்பதற்குச் சாதாரணத் தண்ணீர். டீப்பாய் உயரத்தில் ஜாடி, தவழ்ந்து எழுந்து நிற்கப் பழகும் குழந்தை, வீட்டில் ஒரு நாயோ பூனையோ... மேற்கொண்டு நான் சொல்ல வேண்டாம்.

ஒருவேளை குழந்தை அரளிப் பூவையோ இலையையோ மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாயில் இருப்பதை விரலால் எடுத்துத் துடைத்துவிட்டு, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செடியின் ஒரு துண்டையும் கையோடு கொண்டு போங்கள், டாக்டருக்கு அடையாளம் தெரியும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர், புளித்தண்ணீர் என்று நேரம் கடத்துவது கூடாது. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், இந்த விஷயத்தில் வீட்டு வைத்தியம் கிடையாது. எங்களிடமும் கொண்டு வராதீர்கள். ஈ.சி.ஜி. வைத்து இதயத்தைக் கவனிக்கும் வசதி இருக்கும் இடம்தான் வேண்டும். குழந்தை ஒருதரம் வாந்தி எடுத்துவிட்டு நன்றாக விளையாடுகிறதே என்றும் இருந்துவிடாதீர்கள். துடிப்பு கோளாறாவது சில மணி நேரம் கழித்தும் நடக்கும்.

பால் வடிகிற மற்ற பூக்களிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். எருக்கம் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதல். ஈழத்தலரிப் பால் சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும். நந்தியாவட்டையைக் கண் எரிச்சலுக்குக் கண்ணில் ஒற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. காம்பு நீக்கிக் கழுவிய இதழை மூடிய இமையின் மேல் வைத்துக் கொள்ளலாம், குளிர்ச்சியாக இருக்கும். கண்ணைத் திறந்து உள்ளே வைப்பதும், சாறு பிழிந்து விடுவதும் வேண்டவே வேண்டாம்.

படுக்கையறையில் பூ

"ராத்திரியில பூ கெட்ட காத்து விடுமாமே?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பூவும் நம்மைப் போலச் சுவாசித்துக் கரியமில வாயுவை விடுகிறது, வாஸ்தவம். ஒரு ஜாடிப் பூ விடுவது பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் விடுவதில் ஒரு துளிகூட வராது. அதற்காக யாரையும் வெளியே படுக்கச் சொல்கிறோமா!

தொந்தரவு கொடுப்பது வாசனை. நிலசம்பங்கிக்கும் மல்லிகைக்கும் ராத்திரியில்தான் வாசம் தூக்கும். ஏ.சி.க்காகக் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்த அறையில் அது தேங்கி நிற்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலியைக் கிளப்பிவிடும். இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுமுட்டல் வரலாம். மசக்கைப் பெண்களுக்குக் குமட்டும். இப்படி யாராவது வீட்டில் இருந்தால் சம்பங்கி ஜாடி ஹாலோடு நிற்கட்டும், படுக்கையறைக்கு வாசனை இல்லாத இட்லிப்பூவோ வாடாமல்லியோ வையுங்கள். காலையில் காரணம் தெரியாத தலைவலியோடு எழுகிறவர்கள், மாத்திரை போடுமுன் நாலு நாள் அறையில் பூ இல்லாமல் படுத்துப் பார்ப்பது நல்லது.

வாடிய பூவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜாடியில் இரண்டு நாள் நின்ற ரோஜா இதழில் குல்கந்து போடலாமா, செம்பருத்தியைத் தலைக்கு அரைக்கலாமா என்று கேட்கிறார்கள். மருந்துக்கும் வாய்க்கும் போகும் பூ செடியிலிருந்து அன்றைக்குப் பறித்ததாக, பூச்சிமருந்து அடிக்காததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய ரோஜா இதற்கு ஆகாது. ஜாடிப் பூவுக்குப் போக்கிடம் செடித் தொட்டிதான். கிள்ளித் துண்டாக்கி மண்ணில் புதைத்துவிடுங்கள், ஜாடித் தண்ணீரையும் அங்கேயே ஊற்றிவிடலாம். பிறகு ஜாடியை நாரால் தேய்த்துக் கழுவி, மறுநாள் காலை பூ பறிக்கும் வரை கொல்லைப்புறச் சுவரில் கவிழ்த்து வையுங்கள்.